முகாம் முடிந்த எட்டாம் நாள்: மணலூர்பேட்டையை வைத்து ஒரு பாடம்

தலைமைப் பண்பு வளர்க்கிற பயிற்சி எதில் சேர்ந்தாலும் கடைசியில் ஒரு இடத்தில் வந்து நிற்போம். "உங்க குழு ஒரு சமூக சேவைத் திட்டம் செஞ்சு முடிச்சு ரிப்போர்ட் கொடுக்கணும்." நாட்டு நலப்பணித் திட்டம், அதாவது நம்ம என்.எஸ்.எஸ்., இதைத்தான் கேட்கிறது. ரோட்டரி சங்கங்கள் தங்கள் மாவட்ட அளவில் நடத்தும் ரைலா முகாமிலும் இந்தப் பேச்சு வரும். வட கர்நாடகாவில் ஹூப்ளியை மையமாக வைத்து தேஷ்பாண்டே அறக்கட்டளை நடத்தும் 'லீட்' திட்டமோ இதையே முழுப் பாடமாக வைத்திருக்கிறது. மாணவர் தன்னைச் சுற்றி ஒரு பிரச்சினையைக் கண்டுபிடிக்க வேண்டும்; சின்னதாக ஒரு தொகை கொடுப்பார்கள்; வழிகாட்ட ஒருவர் இருப்பார்; செய்து காட்ட வேண்டும். ஏ.ஐ.சி.டி.இ.யின் 100 ஆக்டிவிட்டி பாயிண்ட் கணக்கு பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

சரி, என்ன செய்வது? இந்தக் கேள்வியைக் கேட்ட பத்து நிமிடத்தில் எந்த வகுப்பிலும் நாலு பதில் வந்துவிடும். மரக்கன்று நடலாம். விழிப்புணர்வுப் பேரணி போகலாம். கோயில் வளாகத்தைச் சுத்தம் செய்யலாம். பள்ளிச் சுவருக்குப் பெயிண்ட் அடிக்கலாம். நாலும் கெட்டதில்லை. ஆனால் நாலுக்கும் ஒரு ஒற்றுமை உண்டு. ஏழு நாளில் முடியும், போட்டோவில் நன்றாக விழும், எட்டாம் நாள் யார் பார்ப்பார்கள் என்ற கேள்விக்கு மட்டும் பதில் இருக்காது. ஜனவரியில் நட்ட கன்றுக்கு ஏப்ரலில் தண்ணீர் ஊற்ற ஆள் இல்லையென்றால், மே மாதம் அங்கே இருப்பது மூங்கில் கூண்டு மட்டும்தான்.

அந்த எட்டாம் நாளைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. பொதுவாகப் பேசிக்கொண்டே போகாமல் ஒரு ஊரை எடுத்துக்கொள்வோம்: கள்ளக்குறிச்சி மாவட்டத்தில், தென்பெண்ணை ஆற்றங்கரையில் இருக்கும் மணலூர்பேட்டை. கையில் ஏழு நாள், ஐம்பது மாணவர்கள், சிவில் லேபிலிருந்து கடன் வாங்கிய ஒரு ஆட்டோ லெவல். இதை வைத்து அந்த ஊருக்கு உண்மையிலேயே உபயோகமாக என்ன செய்ய முடியும்?

முகாம் எப்போது பலிக்கிறது

என்.எஸ்.எஸ். 1969 செப்டம்பர் 24 அன்று, காந்தி நூற்றாண்டு நேரத்தில், 37 பல்கலைக்கழகங்களில் சுமார் 40,000 மாணவர்களோடு தொடங்கியது. வருஷத்துக்கு 120 மணி நேரம், இரண்டு வருஷத்தில் 240 மணி நேரம், கூடவே தத்தெடுத்த கிராமத்தில் ஏழு நாள் சிறப்பு முகாம். நாம் எல்லோரும் மனப்பாடமாகச் சொல்வது இந்த எண்களைத்தான். திட்டத்தின் நோக்கங்கள் என்று ஒரு பட்டியல் இருக்கிறது, அதை யாரும் படிப்பதில்லை. அதில் முதலில் வருவது, தான் வேலை செய்யும் சமூகத்தைப் புரிந்துகொள்வது. பிறகு அந்தச் சமூகத்தின் தேவையைக் கண்டறிந்து, தீர்வில் அந்த மக்களையே சேர்ப்பது. தலைமைப் பண்பு என்ற சொல் அதற்கும் கீழேதான் வருகிறது. நாம் பெரும்பாலும் பட்டியலைக் கடைசியிலிருந்து படிக்கிறோம். முதலில் 'லீடர்' யார் என்று முடிவாகிவிடும், அப்புறம்தான் ஊர்.

இலங்கையில் இதற்கு ஒரு நல்ல முன்னுதாரணம் உண்டு. கொழும்பில் நாலந்தா வித்தியாலயத்தில் ஆசிரியராக இருந்த ஏ. டி. ஆரியரத்ன, 1958 டிசம்பரில் தன் மாணவர்களையும் சக ஆசிரியர்களையும் குருநாகல் மாவட்டத்தின் கனத்தொலுவ என்ற கிராமத்துக்கு அழைத்துப் போனார். மற்றவர்கள் ஒதுக்கி வைத்திருந்த ரொடியா மக்கள் வாழ்ந்த ஊர் அது. நகரத்துப் பள்ளி மாணவர்கள் அந்த மக்களோடு தங்கி, அவர்களோடு சேர்ந்து உழைத்தார்கள். சர்வோதய சிரமதான இயக்கம் அங்கிருந்துதான் வளர்ந்தது. இதில் நாம் கவனிக்க வேண்டியது வெட்டிய மண்ணின் அளவை அல்ல. தங்குவதற்கு எந்த ஊரைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பதை. இதற்குப் பிறகு வருகிறேன்.

தமிழ்நாட்டில் முகாம் என்ற வடிவம் ரொம்ப நன்றாக வேலை செய்யும் இடம் எதுவென்று கேட்டால், நான் கண் சிகிச்சை முகாமைத்தான் சொல்வேன். டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976-ல் மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, முகாம்களை எப்படி நடத்துகிறது என்று பாருங்கள். உள்ளூர்ச் சங்கமோ, கல்லூரியோ, நிறுவனமோ இடம் பிடிக்கும், நோட்டீஸ் அடிக்கும், ஆட்களை வரச் சொல்லும். மருத்துவக் குழு வந்து பரிசோதிக்கும். ஆபரேஷன் தேவைப்படுகிறவர்களைப் பஸ்ஸில் ஏற்றி மருத்துவமனைக்குக் கூட்டிப் போவார்கள், ஆபரேஷன் முடிந்து ஊரில் கொண்டுவந்து விடுவார்கள், மறுபரிசோதனையும் உண்டு. முகாம் ஒரே நாள்தான். ஆனால் அந்த ஒரு நாளுக்குப் பின்னால் ஒரு மருத்துவமனை நிற்கிறது. மாணவர்கள் செய்வது சின்ன வேலை. ஆனால் அந்தச் சின்ன வேலையை வாங்கிக்கொள்ள ஒரு பெரிய கை இருக்கிறது.

அப்படியென்றால் நமக்கு வேண்டிய திட்டத்துக்கு மூன்று அடையாளம். ஏழு நாளில் முடியக்கூடியதாக இருக்கணும். நாம் படித்த படிப்பு அதில் உபயோகப்படணும். ஏனென்றால் பெயிண்ட் அடிக்க நம்மைவிட நல்ல ஆள் அந்த ஊரிலேயே இருக்கிறார். முடித்ததை வாங்கி வைத்துக்கொள்ள ஊரில் ஒரு கை இருக்கணும்.

ஆறும் அணையும்

மணலூர்பேட்டை ஒரு பேரூராட்சி. திருவண்ணாமலைப் பக்கமிருந்து வந்தால் ஆற்றைத் தாண்டி ஊருக்குள் நுழைவோம். தை 5-ம் நாள் திருவண்ணாமலை அண்ணாமலையார் தீர்த்தவாரிக்கு வருவது இங்கேதான். அன்று ஆற்று மணலில் கூட்டம் நிற்க இடம் இருக்காது. சுற்று வட்டாரத்தில் ஆற்றுத் திருவிழா என்றால் சின்னப் பிள்ளைகளுக்கும் தெரியும்.

மேலே, இதே ஆற்றில், திருவண்ணாமலை மாவட்டத்தில் சாத்தனூர் அணை இருக்கிறது. 1958-ல் கட்டி முடித்தது. முழு மட்டம் 119 அடி, கொள்ளளவு 7,321 மில்லியன் கன அடி. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. கரையைக் கடந்ததோடு முடியவில்லை. மெதுவாக உள்ளே நகர்ந்து கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை வரை கொட்டித் தீர்த்தது. ஊத்தங்கரையில் மட்டும் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர். அந்தத் தண்ணீர் எல்லாம் தென்பெண்ணையில் இறங்கி சாத்தனூருக்கு வந்தது. டிசம்பர் 2 அதிகாலை அணையிலிருந்து நொடிக்கு சுமார் 1.68 லட்சம் கன அடி வெளியேறியது.

இந்த எண்ணை டி.வி.யில் கேட்டிருப்போம். கேட்டுவிட்டு ஏதோ பெரிய எண் என்று விட்டிருப்போம். ஒரு கன அடி என்பது 28.3 லிட்டர். அப்படியானால் நொடிக்கு சுமார் 47.5 லட்சம் லிட்டர். தெருவுக்கு வருகிற 12,000 லிட்டர் தண்ணீர் லாரியை வைத்துப் பார்த்தால் ஒவ்வொரு நொடியும் கிட்டத்தட்ட 400 லாரி. இன்னொரு விதமாகவும் போடலாம். அணை முழுக்க நிரம்பியிருந்து, உள்ளே சொட்டுத் தண்ணீர் வராமல், இதே வேகத்தில் திறந்துவிட்டால் மொத்த அணையும் 12 மணி நேரத்தில் காலி.

அன்று தென்பெண்ணையின் இரு கரையிலும், திருவண்ணாமலை மாவட்டத்தில் தொடங்கி கடலூர் வரைக்கும், ஊருக்குள் தண்ணீர் போனது. தண்டராம்பட்டு பக்கத்தில் அகரம்பள்ளிப்பட்டையும் தொண்டமானூரையும் இணைக்கக் கட்டி சில மாதமே ஆன பாலம் அடித்துப் போனது. முன்னெச்சரிக்கை கொடுத்தார்களா, எப்போது கொடுத்தார்கள் என்று அரசியலில் பெரிய வாக்குவாதம் நடந்தது. ஐந்து முறை எச்சரித்தோம் என்றது அரசு. போதாது என்றது எதிர்க்கட்சி. அந்த வாதத்துக்குள் நான் போகவில்லை. ஆற்றங்கரையில் குடியிருக்கும் ஒருவரின் பக்கத்திலிருந்து மட்டும் பாருங்கள். நடுராத்திரி போனில் ஒரு செய்தி வருகிறது: "அணையிலிருந்து இத்தனை ஆயிரம் கன அடி திறக்கப்படுகிறது. கரையோர மக்கள் பாதுகாப்பான இடத்துக்குச் செல்லவும்." அவருக்கு வேண்டியது இரண்டே இரண்டு விஷயம். என் தெருவுக்கு எத்தனை மணிக்கு வரும்? என் வீட்டில் எந்தப் படி வரைக்கும் ஏறும்? கன அடியை யாரும் படியாக மாற்றிச் சொல்வதில்லை. 70 ஆயிரம் என்றாலும் 1 லட்சத்து 70 ஆயிரம் என்றாலும் அவர் காதுக்கு 'நிறைய' என்றுதான் விழும். மாட்டை அவிழ்க்கலாமா, அரிசி மூட்டையைப் பரணில் ஏற்றினால் போதுமா, பாட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்ப வேண்டுமா என்ற முடிவுகளை அந்த 'நிறைய'வை வைத்து எடுக்க முடியாது.

கன அடியைப் படியாக மாற்றும் வேலைக்கு முதல் படி, போன வெள்ளம் எங்கே எவ்வளவு உயரம் வந்தது என்று அளந்து வைப்பது. வெள்ளத் தடம் எடுப்பது என்று சொல்லலாம். அமெரிக்க நிலவியல் ஆய்வுத் துறை பெரிய வெள்ளம் வந்தால் ஆட்களை அனுப்பி இதைச் செய்கிறது. லெவலிங் தெரிந்த இரண்டாம் வருஷ மாணவருக்கு இது கஷ்டமே இல்லை.

அளப்பது எப்படி

முதலில் தடத்தைத் தேடணும். இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. வெள்ளம் வந்து ஆறு வாரத்தில் பொங்கல். பொங்கலுக்கு வெள்ளையடிக்காத வீடு உண்டா? வெளிச்சுவரில் இருந்த சேற்றுக் கோடு பல வீட்டில் அப்போதே போயிருக்கும். அதனால் மறைவான இடங்களில் பார்க்கணும்: பீரோவின் பின்பக்கம், மாடிப்படிக்கு அடியில், குளியலறையின் உள்சுவர், மீட்டர் பெட்டியின் உட்புறம், மோட்டார் ஷெட், பூட்டியே கிடக்கிற வீடு. உள்சுவர்த் தடத்துக்கு இன்னொரு நன்மை உண்டு. வெளியே ஓடுகிற தண்ணீர் சுவரில் மோதி ஏறி இறங்கும். உள்ளே தண்ணீர் அசையாமல் நின்றிருக்கும். கோடு நேராக இருக்கும்.

கவனமாக இருக்க வேண்டிய ஒரு இடம். செங்கல் சுவர் தண்ணீரை உறிஞ்சும். ஈரக்கறை, உப்புப் பூத்த இடம் எல்லாம் தண்ணீர் நின்ற மட்டத்துக்கு மேலேயும் போகும். கறையை எடுக்காதீர்கள், சேறு படிந்த கோட்டை எடுங்கள். சேற்றுக் கோடு இல்லையென்றால் அந்த வீட்டைக் 'சந்தேகம்' என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு தடத்துக்கும் இப்படி ஒரு தரம் போடுவது நல்லது: நல்லது, சுமார், சந்தேகம். எல்லாவற்றையும் ஒரே நம்பிக்கையோடு எழுதினால் பிறகு பார்ப்பவருக்கு எது உறுதி, எது வாய்ச்சொல் என்று தெரியாது.

வாய்ச்சொல்லும் வேண்டும். "மூணாவது படி வரைக்கும் வந்துச்சு", "சாமி படம் நனையல, கீழ இருந்த காலண்டர் நனைஞ்சுது" மாதிரி பதில்கள் தங்கம். ஆனால் ஒரு வீட்டில் இரண்டு பேரைத் தனித்தனியாகக் கேளுங்கள். சேர்த்து உட்கார வைத்துக் கேட்டால் வீட்டுப் பெரியவர் சொல்வதற்கு மற்றவர்கள் தலையாட்டுவார்கள். அன்று ராத்திரி பாத்திரங்களை மேலே ஏற்றி வைத்தது பெரும்பாலும் அந்த அம்மாவாகத்தான் இருக்கும், அவர் கணக்கு சரியாக இருக்கும்.

அடுத்து அளவு. ஆட்டோ லெவலுக்கு ஒரு நிலையான புள்ளி வேண்டும். வெள்ளத்திலும் அசையாத, இன்னும் முப்பது வருஷம் இடிக்க மாட்டார்கள் என்று தோன்றுகிற ஒன்று: பாலத்தின் கட்டை, கோயில் கல்படி, பழைய பள்ளிக் கட்டடத்தின் அடித்தளம். அதற்கு 100.000 மீட்டர் என்று வைத்துக்கொண்டு, மற்ற எல்லாத் தடத்தையும் அதற்கு இவ்வளவு மேலே, இவ்வளவு கீழே என்று எடுக்கலாம். கடல் மட்டத்தோடு இணைக்க முடிந்தால் நல்லது. முடியாவிட்டாலும் ஊருக்குள் ஒப்பிட இது போதும்.

ஒரு சுற்று போய்ப் புறப்பட்ட புள்ளிக்கே திரும்பி வரணும். சர்வே பாடப் புத்தகத்தில் சாதாரண லெவலிங்குக்கு அனுமதிக்கும் பிழை 24√கி.மீ. மில்லிமீட்டர். 2 கிலோமீட்டர் சுற்றுக்கு 34 மில்லிமீட்டர். லேபில் இதைத் தாண்டினால் ரெக்கார்டில் கையெழுத்து கிடைக்காது. இங்கே நிலைமை வேறு. சேற்றுக் கோடே பத்து சென்டிமீட்டர் முன்னே பின்னே இருக்கலாம், அதனால் மூன்று சென்டிமீட்டர் பிழை பெரிய விஷயமில்லை. எந்தப் பிழை முக்கியம், எது முக்கியமில்லை என்று களத்தில் முடிவு செய்வது லேபில் வராது.

லெவல் கருவி போக முடியாத சந்துகளில் கொத்தனார் டியூப் போதும். கட்டட வேலையில் மட்டம் பார்க்க வைத்திருக்கும் அந்தத் தண்ணீர் டியூப்தான். உள்ளே காற்றுக் குமிழி இல்லாமல் தண்ணீர் நிரப்பணும், இரண்டு முனையும் திறந்திருக்கணும். ஊர்க் கொத்தனார் ஒருவரைக் கூட வைத்துக்கொள்ளுங்கள். அவர் உங்களைவிட வேகமாகச் செய்வார். ஒரு நாள் கூலியையும் கொடுங்கள், சேவை என்று சொல்லி அவர் கூலியைப் பிடுங்க வேண்டாம்.

கடைசியாக நேரம். தண்ணீர் எப்போது வந்தது என்பதை யாரும் கடிகாரம் பார்த்துச் சொல்ல மாட்டார்கள். ஆனால் எல்லோர் போனிலும் அன்றைய வீடியோ இருக்கும், அதில் நேரம் இருக்கும். வாட்ஸ்அப்பில் வந்த வீடியோவை நம்ப வேண்டாம், அது அனுப்பிய நேரத்தைத்தான் காட்டும். எடுத்தவர் போனிலேயே பாருங்கள். அணையில் எத்தனை மணிக்கு எவ்வளவு திறந்தார்கள் என்ற விவரத்தை நீர்வளத் துறையிடம் எழுதிக் கேட்கலாம். மேப்பில் ஆற்றின் வளைவோடு தூரத்தை அளந்துகொண்டால் தண்ணீர் வந்த வேகம் கிடைக்கும். நொடிக்கு 2 மீட்டர் என்றால் ஒரு மணி நேரத்துக்கு 7.2 கிலோமீட்டர். இந்தக் கணக்கைப் போட்டதும் பிரிண்ட் எடுத்து ஒட்டிவிடாதீர்கள். ஒரு வெள்ளம் கிராஃபில் ஒரே ஒரு புள்ளி. அணைக்குக் கீழே பெய்த மழை, ஓடைகளில் வந்த தண்ணீர் எல்லாம் அந்தப் புள்ளிக்குள் கலந்திருக்கிறது. அடுத்த வெள்ளத்துக்கு அடுத்த புள்ளி. 'இவ்வளவு திறந்தால் இவ்வளவுதான் வரும்' என்று வாக்குக் கொடுக்க நமக்கு உரிமை இல்லை. 'அன்று இவ்வளவு திறந்தபோது இங்கே இவ்வளவு வந்தது' என்று மட்டும் சொல்லலாம்.

கதவைத் தட்டும்போது

கருவி வேலை சுலபம். கஷ்டமானது இதுதான்.

நோட்டும் பேனாவுமாகப் பத்துப் பேர் தெருவுக்குள் நுழைந்தால் முதல் கேள்வி, "நிவாரணத்துக்கு எழுதுறீங்களா தம்பி?" ஃபெஞ்சலுக்குப் பிறகு விழுப்புரம், கடலூர், கள்ளக்குறிச்சி மாவட்டங்களில் பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு ரேஷன் கார்டுக்கு 2,000 ரூபாய் என்று அரசு அறிவித்தது. விட்டுப்போனது என்று நினைப்பவர்கள் எந்த ஊரிலும் இருப்பார்கள். அவர்களிடம் நாம் மழுப்பலாகப் பேசினால், "காலேஜ் பசங்க எழுதிட்டுப் போனாங்க, வரும்" என்று மாதக்கணக்கில் காத்திருப்பார்கள். அதனால் வாசலில் நின்று பேசும் முதல் வாக்கியமே இதுவாக இருக்கட்டும்: "அம்மா, இது பணத்துக்கு இல்லை. தண்ணி எவ்வளவு உயரம் வந்துச்சுன்னு அளக்கிறோம். இதனால உங்களுக்கு உடனே ஒண்ணும் கிடைக்காது." சொன்னதும் சிலர் கதவைச் சாத்துவார்கள். சாத்தட்டும். நிவாரணம் பற்றி அவர் கேட்டால் எந்த அலுவலகத்தில் மனு கொடுப்பது என்று சொல்லுங்கள், தேவைப்பட்டால் எழுதிக் கொடுங்கள். ஆனால் இரண்டையும் ஒரே நோட்டில் கலக்காதீர்கள்.

இரண்டாவது, வீட்டுக்காரர்களின் பயம். தண்ணீர் வந்த அடையாளத்தைச் சுவரில் நீலப் பெயிண்டில் கோடாகப் போட்டால் வாடகைக்கு யார் வருவார்கள்? மனை விற்குமா? இந்தப் பயத்தை அறியாமை என்று நாம் சிரிக்க முடியாது, அது நியாயமான பயம். தனியார் சுவரில் சம்மதம் இல்லாமல் ஒரு புள்ளிகூட வைக்கக் கூடாது. பொது இடங்கள் போதும்: மின் கம்பம் (வாரியத்தைக் கேட்டுத்தான்), பள்ளி, ரேஷன் கடை, மேல்நிலைத் தொட்டியின் தூண். தெருவுக்கு ஒரு கோடு இருந்தால் அவரவர் வீட்டுப் படியோடு அவரவர் ஒப்பிட்டுக்கொள்வார்கள்.

மூன்றாவது, கனத்தொலுவ பற்றிப் பிறகு வருகிறேன் என்று சொன்னது. முகாம் என்றால் நாம் தங்குவது பள்ளியில், சாப்பிடுவது மண்டபத்தில். இரண்டும் ஊரின் மேடான பக்கத்தில் இருக்கும், ரோடு நன்றாக இருக்கும், தொடக்க விழா அங்கே நடக்கும். வெள்ளம் முதலில் நுழைவது தாழ்ந்த பக்கத்தில். பல ஊர்களில் அந்தத் தாழ்ந்த பக்கத்தில் யார் குடியிருக்கிறார்கள் என்று உங்களுக்கே தெரியும். அங்கே ஆறாம் நாள் மாலை அரை மணி நேரம் தலைகாட்டிவிட்டு வந்தால் நம் கணக்கில் வெள்ளம் பாதிதான் இருக்கும். முதல் நாள், முதல் சுற்று, அங்கிருந்து தொடங்குங்கள். மதியச் சாப்பாட்டையும் அங்கேயே வைத்துக்கொள்ளுங்கள். குழுவில் யாருக்காவது அதில் தயக்கம் இருந்தால், தலைமைப் பயிற்சி என்று நாம் சொல்வதில் நிஜமான பாடம் தொடங்குவது அந்த இடத்தில்தான். எத்தனை ஐஸ்பிரேக்கர் விளையாட்டு வைத்தாலும் அது வராது.

யார் லீடர் என்பதற்கும் இதில் ஒரு வழி உண்டு. தினமும் மாற்றுங்கள். லெவல் குழுவுக்கு சிவில் மாணவி, பேச்சுக் குழுவுக்கு அந்தப் பக்கத்து ஊர்க்காரர், கணக்குக் குழுவுக்கு கம்ப்யூட்டர் சயின்ஸ். நம் கல்லூரியிலேயே திருக்கோவிலூர், ரிஷிவந்தியம், சங்கராபுரம் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் இருப்பார்கள். மேடையில் ஒருநாளும் மைக் பிடிக்காத அந்தப் பையன், தெருவில் "பெரியம்மா" என்று கூப்பிட்டதும் கதவு திறக்கும். அன்று அவன்தான் லீடர்.

யார் கையில் கொடுப்பது

இப்போது எட்டாம் நாள். நோட்டு கல்லூரிக்குத் திரும்பி வந்து டிபார்ட்மென்ட் அலமாரியில் உட்கார்ந்துவிட்டால், இதுவும் மூங்கில் கூண்டு கதைதான். நாம் எழுதும் ஐம்பது பக்க இங்கிலீஷ் ரிப்போர்ட் பாயிண்டுக்கு. ஊருக்கு வேண்டியது இரண்டு பக்கம், தமிழில்: தெருப் பெயர், குறியீடு இருக்கும் இடம், 2024 டிசம்பர் 2 வெள்ளம் அங்கே வந்த உயரம், வந்த நேரம், தரம். பின்னால் கையால் வரைந்த ஒரு வரைபடம். ஒரு பிரதி பேரூராட்சி அலுவலகத்துக்கு, ஒன்று கிராம நிர்வாக அலுவலருக்கு, ஒன்று பள்ளிக்கு. அதிகாரிகள் மாறிக்கொண்டே இருப்பார்கள், அதனால் நான் ரொம்ப நம்புவது பள்ளியையும் மகளிர் சுயஉதவிக் குழுக்களையும்தான். லெவல் ஸ்டாஃபை ஒரு எட்டாம் வகுப்புப் பிள்ளை பிடித்து நின்றிருந்தால், அந்தக் கோடு எதற்கு என்று அவள் பத்து வருஷம் கழித்தும் சொல்வாள்.

தை 5 அன்று அந்தக் கூட்டத்தில் ஒரு தட்டி வைக்கலாம். சும்மா ஒரு தட்டி, அதில் வரைபடம், பக்கத்தில் ஊர்ப் பிள்ளைகள் இரண்டு பேர். சுற்றியுள்ள கரையோர ஊர்க்காரர்கள் எல்லாம் ஆற்றுக்கு வருகிற நாள் அது. தட்டியைப் பார்த்து "எங்க ஊர்ல இதைவிட ஜாஸ்தி வந்துச்சு" என்று யாராவது நிச்சயம் சொல்வார். அடுத்த முகாமுக்கு ஊர் கிடைத்துவிட்டது.

பெயர்ப்பலகை வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டும் என்றால் சின்னதாக வையுங்கள். இந்தப் பக்கத்துக்கு அது புதிதும் இல்லை. மணலூர்பேட்டைக்குப் பக்கத்திலேயே ஜம்பை என்ற ஊரில், 1981-ல் கண்டெடுத்த தமிழ் பிராமிக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. அதியமான் நெடுமான் அஞ்சி ஒரு குகைத் தங்குமிடத்தைத் தானமாகக் கொடுத்த செய்தி அதில் இருக்கிறது. கொடுத்தவர் பெயர், கொடுத்தது என்ன, அவ்வளவுதான். ஒரே வரி. நம் ஃபிளெக்ஸில் வருகிற பெயர்களை எண்ணிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆறு இல்லாத ஊருக்குப் போகிற குழு என்ன செய்வது? கல்வராயன் மலையை எடுத்துக்கொள்ளுங்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி விஷச் சாராயச் சாவுகளுக்குப் பிறகு, சென்னை உயர்நீதிமன்றம் தானாகவே ஒரு வழக்கை எடுத்து, மலையில் ரோடு, மருத்துவம், பள்ளி எல்லாம் எப்படி இருக்கிறது என்று அரசைக் கேட்டது. அங்கே போய் சாராய ஒழிப்புப் பேரணி நடத்துவதைவிட, ஒவ்வொரு குக்கிராமத்திலிருந்தும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போக மழைக்காலத்தில் எவ்வளவு நேரம், வெயில் காலத்தில் எவ்வளவு நேரம் என்று நடந்து அளந்து எழுதினால், அந்த மலையாளி மக்கள் மனு கொடுக்கும்போது கூட இணைக்க ஒரு காகிதம் இருக்கும். அதுவும் ஏழு நாள் வேலைதான், ஆனால் இரண்டு சீசனில் போகணும்.

மணலூர்பேட்டைக்குத் திரும்பினால், முகாம் தேதியில் ஒரு விஷயம். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். குறியீடுகள் அதற்கு முன்பே சுவரில் இருக்கணும் என்றால் முகாம் ஆகஸ்ட் அல்லது செப்டம்பரில் நடக்கணும். நம்ம வழக்கப்படி செமஸ்டர் எக்ஸாமுக்கு அப்புறம் டிசம்பர் கடைசியில் என்று தள்ளினால் ஒரு மழைக்காலம் போய்விடும். திட்ட அலுவலரிடம் இப்போதே கேட்டு, பேரூராட்சிக்கும் நீர்வளத் துறைக்கும் கடிதம் ஜூலையிலேயே போய்ச் சேரட்டும். லேபில் ஆட்டோ லெவலை புக் செய்வதும் மறக்க வேண்டாம், அந்த மாதம் இரண்டாம் வருஷத்துக்கு சர்வே பிராக்டிகல் இருக்கும்.